தாருக்கு ஏடி டயரா, எம்டி டயரா?
வார இறுதியில் மட்டும் காட்டுப்பாதையில் இறங்கும் மஹிந்திரா தார் ஜீப்புக்கு, எல்லா வகைப் பாதைக்குமான ஏடி (ஆல்-டெரெய்ன்) டயரே போதும். சேற்றுக்கென்றே செய்த எம்டி (மட்-டெரெய்ன்) டயரின் பெரிய ரப்பர் கட்டைகள் நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்திலேயே ஊளையிடும். மழை ஈரத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும், டீசலும் கூடக் குடிக்கும்.

கரிசல் மண் என்றால் கதை வேறு. நனைந்த கரிசல் ஏடியின் நெருக்கமான பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். பிறகு நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் போட்டாலும் டயர் வழுவழுவென்று சுற்றத்தான் செய்யும். எம்டியின் அகலப் பள்ளமோ, சக்கரம் சுழலச் சுழலச் சேற்றை உதறிவிடும். மாதம் இரண்டு முறை அப்படிப்பட்ட சேற்றில் இறங்குபவர்கள் எம்டி வாங்கலாம்.

மணலில் ஏடிதான் மேல். காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் மிதந்து போகும். எம்டி ஆக்சிலேட்டரை அழுத்தியதுமே குழி தோண்டும். தார்ச்சாலை ஏறியதும் காற்றை நிரப்பாவிட்டால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கலாம்.

ரிம்மும் முக்கியம்: 18 அங்குல ரிம்முக்கான 255/65 ஆர்18 டயரின் பக்கச்சுவர் உயரம் சுமார் 166 மில்லிமீட்டர், 16 அங்குல ரிம்முக்கான 245/75 ஆர்16-இல் 184. பக்கச்சுவர் உயரமாக இருப்பதால், காற்றைக் குறைத்து ஓட்ட 16 அங்குலமே வசதி.

எதுவானாலும் ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்குங்கள். முன்னும் பின்னும் வெவ்வேறு விட்டமுள்ள டயர் இருந்தால், ஃபோர் வீலில், எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும்.