எவ்ரியா புரொபொக்ஸா, ரெண்டு நாய் உள்ள வீட்டுக்கு எது?

நாங்கள் நாலு பேர், நாய் ரெண்டு, ஒட்டுசுட்டான்ல இருந்து மாங்குளம் போய் ஏ9 ஏறி கிளிநொச்சி போறதுதான் வழமையான ஓட்டம், அதுக்கு பழைய வாகனம் தேடேக்க கடைசியா நிண்டது சுசுக்கி எவ்ரியும் டொயோட்டா புரொபொக்ஸும்தான். எவ்ரியில ரெண்டு பக்கமும் இழுக்கிற கதவு, நாய் தானாவே பாய்ஞ்சு ஏறும், கூரையும் உயரம். ஆனா 660 சீசி, எஞ்சின் முன் சீற்றுக்கு கீழ, சித்திரை வெயிலுக்க தொடை வேகும், ஏசியும் போட்டா இழுவை காணாது.

புரொபொக்ஸ் 1500 சீசி எஞ்சின் பழைய டொயோட்டா அக்சியோ காரில வாறதுதான், உதிரிப்பாகம் லேசா எடுக்கலாம். டிக்கி தட்டை, ரப்பர் மெட் விரிச்சா செம்மண் காலோட ஏறினாலும் கழுவி விடலாம். பின் சீற்றுதான் பலகை மாதிரி, மனிசி அதுக்கு முறைச்சவ. எதை எடுத்தாலும் காபெட்டை தூக்கி கறள் பாருங்கோ.

நான் புரொபொக்ஸ்தான் எடுத்தன், எங்கட நாய் கறுவல் இன்னும் ஏறமாட்டன் எண்டு நிக்கிறான்.