தனுஷ்கோடி மணலில் குடும்பப் படம்: வெள்ளையா, அரக்கா?

குடும்பப் படம் என்றதும் பலரும் வெள்ளை உடையைத்தான் எடுக்கிறார்கள். தனுஷ்கோடியில் எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே மணலே வெளுப்பு. பத்து மணி வெயிலில் வேட்டியின் மடிப்புகூடத் தெரியாமல் வெளிறிவிடும். அந்தப் பளீர் வெளிச்சத்தைக் கேமரா குறைக்கப் போனால் முகங்கள் கறுத்துப்போகும். அலையில் நனைந்தால் வெள்ளைத் துணி உடலோடு ஒட்டிச் சங்கடப்படுத்தும். சூரியன் எழும் நேரத்தில் மட்டும் வெள்ளை அத்தனை அழகு, பொன்னிறம் துணியிலேயே ஏறிவிடும்.

அரக்கு அப்படியல்ல, பச்சை கலந்த நீலக் கடலுக்கு முன்னால் எடுப்பாக நிற்கும். 1964 புயலில் சிதைந்த தேவாலயச் சுவரருகே அரக்குச் சுங்குடியில் அம்மா நிற்கும் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. சேலையின் வெண்புள்ளிகளை இன்றும் எண்ணலாம்.

எல்லோருக்கும் அதே அரக்கு வேண்டாம். அப்பாவுக்குச் சந்தன நிறச் சட்டை, பிள்ளைகளுக்குக் கடுகு மஞ்சள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடல் நீலத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஆள் பின்னணியில் கரைந்துவிடுவார். முந்தானைக்கு ஊக்கு குத்த மறக்காதீர்கள், காற்று விடாது.

அரியமான் கடற்கரை என்றால் சவுக்கு நிழல் உண்டு. அங்கே வெள்ளையைத் தாராளமாக உடுத்தலாம்.