பாரிஸின் பழம்பொருள் சந்தைகள்: சென்துவானுக்குப் போவதா, வான்வுக்குப் போவதா?

யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைகளிடமோ சகோதரர்களிடமோ பாரிஸ் போகிறவர்களின் நாட்கள் பெரும்பாலும் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெரு, ஈபெல் கோபுரம், லூர்து யாத்திரை, உறவினர் வீட்டு விருந்து என்ற ஒழுங்கிலேயே கழிந்துவிடுகின்றன. பழைய பொருள்களில் ஈடுபாடு உள்ளவர்கள் ஒரு வார இறுதியையேனும் அந்நகரின் விளிம்பிலுள்ள பழஞ்சந்தைகளுக்கு ஒதுக்கலாம். வடக்கே சென்துவான், தெற்கே வான்வ், கிழக்கே மொந்த்ரொய் என மூன்று சந்தைகள் இருப்பதால், எதற்குப் போவது என்பதைப் புறப்படும் முன்பே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

பெயரிலும் பரப்பிலும் சென்துவானுக்கே முதலிடம். 1884இல் பாரிஸில் வீட்டுக்கு வீடு குப்பைத்தொட்டி கட்டாயமாக்கப்பட்டதும், கந்தலும் கழிவும் பொறுக்கிப் பிழைத்தவர்களின் தொழில் நொடிந்தது. அவர்கள் நகர மதிலுக்கு வெளியே கடை விரித்த இடமே இன்றைய சந்தையாக வளர்ந்தது. 1885ஐ அதன் தொடக்க ஆண்டாகக் கொள்வது வழக்கம். இப்போது அது ஒரே சந்தையன்று. வெர்நெசோன், பிரோன், போல் பேர், தோஃபின் எனத் தனித்தனிப் பெயர் கொண்ட பல சந்தைகளின் தொகுதி. பிரோனிலும் போல் பேரிலும் உள்ள சரவிளக்குகளையும் மரத் தளபாடங்களையும் கண்குளிரப் பார்க்கலாம். ஆனால் அவற்றை வாங்குபவர்கள் கப்பலில் ஏற்றி அனுப்பும் வசதியுள்ள வணிகர்கள். விமானப் பொதியின் நிறையை நினைத்துக்கொண்டு நடப்பவருக்கு வெர்நெசோனின் ஒடுங்கிய சந்துகளும், பழைய நூல்கள், இசைத்தட்டுகள், அச்சுப் படங்கள் நிறைந்த தோஃபினுமே பொருத்தமானவை. அங்கும் விற்பவர் தொழில்முறை வணிகர் என்பதால், தம்மிடமுள்ள பொருளின் பெறுமதி அவருக்கு நன்றாகவே தெரியும்.

வான்வ் சந்தைக்குக் கூரையில்லை. சனி, ஞாயிறு காலைகளில் நடைபாதையோரம் மேசைகளையும் விரிப்புகளையும் பரப்பி, மத்தியானத்தோடு கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். வெள்ளிக் கரண்டிகள், பின்னல் துணிகள், எனாமல் கோப்பிப் பாத்திரங்கள், பழைய கமராக்கள், கடிதக் கட்டுகள் என்று கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடியவையே அங்கு மிகுதி. கடைசி மணித்தியாலத்தில், கொண்டுவந்ததைத் திரும்ப வாகனத்தில் ஏற்ற மனமின்றி விலையைத் தளர்த்துபவர்கள் உண்டு; எனினும் நல்ல பொருள் அதுவரை காத்திராது.

என் தெரிவு வான்வ்தான். தபாலட்டைப் பெட்டிகளே அதற்கு முக்கிய காரணம். பிரெஞ்சுக் கப்பல் நிறுவனமான மெசாஜெரி மரித்தீமின் நீராவிக் கப்பல்கள் மார்செயிலிருந்து சைகோனுக்குப் போகும் வழியில் கொழும்பில் தரித்துச் சென்றன. அந்தப் பயணிகள் தங்கள் ஊர்களுக்கு அனுப்பிய அட்டைகள், வீடுகள் காலிசெய்யப்படும்போது இத்தகைய சந்தைகளுக்கு வந்துசேர்கின்றன. நாடுவாரியாக அடுக்கிய பெட்டிகளில் ‘செய்லான்’ (இலங்கை) என்ற பிரிவைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கிடைப்பவற்றில் கொழும்புத் துறைமுகமும் கண்டியுமே அதிகம், யாழ்ப்பாணம் அரிது. 1981இல் பொது நூலகத்தையும், 1995 இடப்பெயர்வில் வீட்டுப் படங்களையும் கடிதங்களையும் பறிகொடுத்த ஊரவர்களுக்கு, பழைய தாள் ஒன்றின் மதிப்பைப் பிறர் விளக்கத் தேவையில்லை. பின்புறத்தில் செய்தி எழுத இடமின்றி முகவரிக்கு மட்டுமே இடம் இருந்தால், அந்த அட்டை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளுக்குள் அச்சானது. பின்புறத்தை இரண்டாகப் பிரிக்க 1902இல் முதலில் அனுமதித்த நாடு பிரித்தானியா.

வெள்ளி வாங்குபவர்கள் முத்திரையைப் பார்க்காமல் பேரம் தொடங்கக் கூடாது. பிரெஞ்சு வெள்ளியில் 1838 முதல் மினெர்வா தேவியின் தலை பொறிக்கப்படுகிறது. செய்தவரின் முத்திரை சாய்சதுரத்துக்குள் இருந்தால் அசல் வெள்ளி, நேர்ச்சதுரத்துக்குள் இருந்தால் முலாம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கேட்பதுபோல் எடுத்த எடுப்பில் பாதி விலைக்குக் கேட்டால் அங்குள்ளவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். முதலில் ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டு, பத்தில் ஒரு பங்கு குறைக்கக் கேட்பதோ, ஒருவரிடமே நான்கைந்து பொருள்களைத் தெரிந்தெடுத்து மொத்த விலை பேசுவதோ பயன் தரும். யூரோத் தாள்கள், அதுவும் சிறிய தாள்கள், கையில் இருக்க வேண்டும்.

மொந்த்ரொயைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: பழைய உடுப்பும் கருவிகளும் மலிவாகத் தேடுபவர்களுக்கான சந்தை அது. அதைவிட, உறவினர் வசிக்கும் புறநகரிலேயே இளவேனிலிலும் கோடையிலும் நடக்கும் ‘வீத் கிரெனியே’ எனப்படும் வீட்டுப் பழம்பொருள் விற்பனைகள் மேல். தனிநபர் ஒருவர் ஆண்டுக்கு இரு தடவை மட்டுமே அவற்றில் விற்கலாம் என்பது சட்டம். ஆகவே அங்கு கடை விரிப்பவர்களில் பலர் வணிகர்களல்லர், தங்கள் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களைக் கழிக்க வந்த அயலவர்கள்.

எந்தச் சந்தையானாலும் யானைத் தந்தத்தில் செய்தவற்றைத் தொடாமல் விடுவதே புத்தி. உரிய அனுமதிப் பத்திரங்களின்றி அவற்றை எல்லை கடத்த முடியாது. பழைய கத்திகளைக் கைப்பையில் வைக்கக் கூடாது.

லாச்சப்பலில் தங்குபவர்கள் கார் து நோர் நிலையத்தில் நான்காம் இலக்க மெட்ரோவில் ஏறி, வடமுனையான போர்த் து கிளின்யான்கூரில் இறங்கினால் சென்துவானுக்கு நடந்தே போகலாம். வழியில் மேம்பாலத்தை ஒட்டி விற்கப்படும் உடுப்புகளும் போலிக் கைப்பைகளும் பழஞ்சந்தையைச் சேர்ந்தவையல்ல; போலிப் பொருளை வைத்திருப்பதே பிரான்சில் குற்றம். வான்வுக்கு அதே நான்காம் இலக்கத்தில் தெற்கு நோக்கிச் சென்று, மொம்பர்னாஸில் பதின்மூன்றாம் இலக்கத்துக்கு மாறிப் போர்த் து வான்வில் இறங்க வேண்டும். காலை எட்டு மணிக்கு அங்கு நிற்பது போதுமானது. அந்த நேரத்தில் சென்துவானில் பெரும்பாலான கடைகள் திறந்திருக்கா.