தனாவோயும் தனனும்: பாளையங்கோட்டை மாலை வகுப்பு குறித்து

பாளையங்கோட்டையில் வாரக் கடைசியில் நடக்கும் தொன்மவியல் மாலை வகுப்பில், கிரேக்கரின் ‘தனாவோய்’, அயர்லாந்துத் தொன்மக் கதைகளில் வரும் தெய்வக் குலமான ‘துவாஹா தே தனன்’ ஆகிய குலப்பெயர்களைப் பற்றிய அமர்வு, கட்டிய பணத்துக்கு மேலாகவே கற்றுத் தந்தது. ட்ராய்ப் போரைப் பாடும் ‘இலியத்’ காவியத்தில் ஹோமர் கிரேக்கப் படையினரை அக்காயர், ஆர்கிவர், தனாவோய் என மாற்றி மாற்றி அழைக்கிறார்; எகிப்திலிருந்து ஐம்பது மகள்களுடன் கிரேக்க நகரான ஆர்கோசுக்கு வந்து அரசாண்ட தனாவோசின் வழியினர் என்பதே கடைசிப் பெயருக்குக் கிரேக்கர் சொன்ன காரணம். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எகிப்திய மன்னர் மூன்றாம் அமென்ஹோதெப் எழுப்பிய கோயிலின் சிலைப் பீடத்தில், ‘தனாவோய்’ பெயரை ஒத்த ‘தனயு’ என்ற நாட்டுப்பெயரும், அதனுடன் மைக்கீனி முதலான கிரேக்க ஊர்ப்பெயர்களும் வெட்டப்பட்டிருப்பதை ஆசிரியர் படத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஆதிச்சநல்லூரைப் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

அயர்லாந்துப் பகுதியைத்தான் அவசரமாக முடித்துவிட்டார்கள். ‘தனு தேவியின் மக்கள்’ என்று பொருள் கூறப்பட்டாலும், பழைய வழக்கு ‘தெய்வக் குலம்’ எனப் பொருள்படும் ‘துவாத் தே’ மட்டுமே. ‘தனு’ என்ற வடிவமோ ‘தனன்’ என்ற வேற்றுமை வடிவிலிருந்து பிற்கால அறிஞர் மீட்டமைத்தது. இதற்கு இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து இரு குலத்தாரையும் உறவாக்கிவிடக் கூடாது என்று ஆசிரியர் அழுத்திச் சொன்னது மிகவும் சரி. நகல் தாள்களில் கிரேக்க எழுத்துகள் மங்கியிருந்தன. அதைச் சரிசெய்தால், கல்லூரி மாணவர்கள் தாராளமாகச் சேரலாம்.