மாண்ட்கோமரியில் ஐந்து டாலர் சீட்டு

மகன் வேலை பார்ப்பது மோபீலில். அலபாமாவின் தென்கோடியில் இருக்கும் துறைமுக ஊர். எழுத்துக்கூட்டிப் பார்த்தால் நம் கைப்பேசியின் பெயர்தான், ஊர்க்காரர்கள் மோபீல் என்கிறார்கள். "அக்கா, மொபைலுக்குள்ள எப்படிப் போய் உக்காந்தே?" என்று நாகர்கோவிலிலிருந்து தங்கை வாரம் ஒருமுறை கேலி பண்ணுவாள்.

லீவு நாளில் அட்லாண்டா போய் மீன் காட்சியகம் பார்க்கலாம் என்றாள் மருமகள். மீனெல்லாம் குளச்சலிலேயே போதுமான அளவு பார்த்தாயிற்று, அலபாமாவின் தலைநகரான மாண்ட்கோமரி போய் லெகசி மியூசியம் பார்ப்போம் என்றேன். அதற்குக் காரணம் ஒரு தெருப் பலகை.

மோபீலில் மைக்கேல் டொனால்ட் அவென்யூ என்று ஒரு தெரு உண்டு. 2006 வரை அதன் பெயர் ஹெர்ன்டன் அவென்யூ. 1981 மார்ச்சில், சிகரெட் வாங்க வெளியே வந்த மைக்கேல் டொனால்ட் என்ற 19 வயதுக் கறுப்பினப் பையனைக் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் இரண்டு பேர் காரில் கடத்திக் கொண்டுபோய்க் கொன்றார்கள். பிறகு அந்தத் தெருவில் ஒரு கற்பூர மரத்தில் உடலைத் தொங்கவிட்டார்கள். பையனுக்கும் அவர்களுக்கும் முன்பகை எதுவும் கிடையாது. வெள்ளைக்காரப் போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றதாக வேறொரு கறுப்பர் மேல் நடந்த வழக்கில் ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர் குழு, ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அந்த ஆத்திரத்துக்குக் கையில் அகப்பட்டவன் இவன். போலீஸ் முதலில் போதைமருந்துத் தகராறு என்று சொல்லி, சம்பந்தமில்லாத மூன்று பேரைப் பிடித்து வைத்திருந்தது. உண்மையான ஆட்கள் பிடிபட 1983 ஆயிற்று.

நான் 31 வருஷம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள். தெருப் பலகையைப் பார்த்தால் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்காமல் இருக்க முடியாது. மகனைத் துளைத்தேன். அவன் தேடிப் படித்துச் சொல்லச் சொல்ல, மாண்ட்கோமரி என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அடிமை முறையிலிருந்து இன்றைய ஜெயில் வரை அமெரிக்கக் கறுப்பர்கள் பட்ட பாட்டைக் காட்டுகிற, அங்கே இருக்கும் லெகசி மியூசியத்தைப் பற்றித்தான் இந்த மதிப்புரை.

முதலில் காசு விஷயம். ஆளுக்கு ஐந்து டாலர். அந்த ஒரே சீட்டில் மியூசியம், கும்பல் கொலையில் செத்தவர்களுக்காகக் குன்றின் மேல் இருக்கும் நினைவிடம், ஆற்றங்கரைச் சிற்பப் பூங்கா மூன்றையும் பார்க்கலாம். இடையே அவர்களே வண்டி விடுகிறார்கள். அமெரிக்காவில் ஐந்து டாலருக்கு ஒரு காபி வாங்கினால் மீதி கிடைக்காது. இதை நடத்துவது பிரையன் ஸ்டீவன்சன் என்ற வக்கீல் 1989-இல் தொடங்கிய ஈக்குவல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ். மரண தண்டனைக் கைதிகளுக்காக வழக்காடுகிற அமைப்பு. மியூசியம் நிற்கும் இடம், அடிமைகளை வைத்து வேலை வாங்கிய பழைய பஞ்சுக் கிடங்கு இருந்த இடம்.

உள்ளே படம் எடுக்கக் கூடாது. அது நல்லதாகப் போயிற்று. மருமகள் போனைப் பைக்குள் போட்டுவிட்டு நிம்மதியாகப் பார்த்தாள். நுழைந்ததும் சுவரை நிறைத்துக் கடல் அலை அடிக்கிறது. கடலுக்கு அடியில் போனவர்களின் நினைவாக மண்ணிலிருந்து தலை நீட்டும் சிற்பங்கள். அடிமை வியாபாரக் கொட்டடியில் கம்பிக்குப் பின்னாலிருந்து உருவங்கள் மெதுவாகத் தெரிந்து, நம்மைப் பார்த்துப் பேசுகின்றன. ஒரு குழந்தை அம்மாவைத் தேடுகிறது. அந்த இடத்தில் நான் நிற்கவில்லை, நகர்ந்துவிட்டேன்.

என்னைப் பிடித்து நிறுத்தியது கண்ணாடி ஜாடிகள்தான். ஊறுகாய் பரணி அளவுக்கு, அடுக்கடுக்காக நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றிலும் ஒருவர் கும்பலால் அடித்தோ தூக்கிலிட்டோ கொல்லப்பட்ட இடத்து மண், மேலே பெயரும் தேதியும். சிவப்பு, கறுப்பு, மணல் நிறம், சாம்பல் என்று ஒரு ஜாடி போல இன்னொன்று இல்லை. எங்கள் தோட்டத்துச் செம்மண் போலவே ஒன்று இருந்தது. அந்த ஊர்க்காரர்களே போய்த் தோண்டி எடுத்து வந்த மண்ணாம்.

அப்புறம் கோர்ட்டும் ஜெயிலும் வருகிற பகுதி. மியூசியத்தின் வாதமே இங்கேதான் இருக்கிறது. கும்பல் கொலைகள் குறைந்தபோது அந்த வெறி மறையவில்லை, கோர்ட் கட்டடத்துக்குள் குடிபுகுந்தது என்கிறார்கள். அடிமை முறை இருந்த மாநிலங்களில் 1915 வாக்கில் கும்பல் கொலைகளை விட அரசு நிறைவேற்றிய மரண தண்டனைகள் அதிகமாகிவிட்டன. இன்றைக்கும் நாட்டு மக்கள்தொகையில் கறுப்பர்கள் சுமார் 13 சதவீதம், மரண தண்டனைக் கொட்டடியில் சுமார் 40 சதவீதம். 1987-இல் மெக்கிளெஸ்கி என்ற கறுப்பின மரண தண்டனைக் கைதியின் வழக்கில், கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்தால் மரண தண்டனை விழும் வாய்ப்பு நாலு மடங்குக்கு மேல் என்ற ஆய்வை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார்கள். கோர்ட் அதைப் பொய் என்று சொல்லவில்லை. புள்ளிவிவரம் போதாது, உன் வழக்கில் பாகுபாடு நடந்ததென்று காட்டு என்று சொல்லி, ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தள்ளிவிட்டது. தீர்ப்பெழுதிய நீதிபதி பவல், ஓய்வு பெற்ற பிறகு, அந்த வாக்கை மாற்றிக்கொள்ளலாம் என்றால் மாற்றுவேன் என்றார். ஓய்வுக்குப் பிறகு ஞானம் வருகிற நீதிபதிகளை நானும் பார்த்திருக்கிறேன்.

ஜெயில் மனு பார்க்கிற இடம் மாதிரி ஸ்டூலும் தொலைபேசியும் வைத்திருக்கிறார்கள். போனை எடுத்துக் காதில் வைத்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிறையில் இருந்தவர் ஒருவர் உங்களைப் பார்த்துத் தன் கதையைச் சொல்கிறார். முழங்கால் வலிக்கு அந்த ஸ்டூல் பெரிய ஆறுதல், ஆனால் எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது அந்தோணி ரே ஹின்டன் நினைவுக்கு வந்தார். செய்யாத இரண்டு கொலைகளுக்காக அலபாமாவின் மரணக் கொட்டடியில் கிட்டத்தட்ட 30 வருஷம் இருந்தவர். அம்மாவின் பழைய ரிவால்வரில் இருந்து வந்த குண்டுகள் என்று அரசு சொன்னதுதான் ஆதாரம். 2015 ஏப்ரலில் விடுதலையாவதற்கு வாதாடியவர்கள் இந்த மியூசியக்காரர்கள்தான்.

அந்தக் கொட்டடியில் ஹின்டனுக்கு நண்பனாக இருந்தவன் ஹென்றி ஹேஸ். மோபீலில் மைக்கேல் டொனால்டைக் கொன்ற இருவரில் மூத்தவன். கம்பிக்குப் பின்னால் பழகி, சேர்ந்து புத்தகம் படிக்கிற குழு வரைக்கும் போயிருக்கிறார்கள். ஹேஸ் தன்னைப் பார்க்க வந்த அப்பாவிடம், "இவர் என் நெருங்கிய நண்பர்" என்று ஹின்டனைக் காட்ட, கிளானில் பெரிய ஆளான அப்பா கை கொடுக்கவில்லை. கறுப்பர்களை வெறுக்கச் சொல்லியே வளர்த்தார்கள், கடைசியில் அன்பு காட்டியது அவர்கள்தான் என்று ஹேஸ் சொன்னதாக ஹின்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1997 ஜூன் 6 அன்று ஹேஸை மஞ்சள் பெயின்ட் அடித்த மின்சார நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கறுப்பர் ஒருவரைக் கொன்றதற்காக அலபாமாவில் வெள்ளையர் ஒருவருக்குத் தண்டனை நிறைவேறியது 1913-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

கோர்ட்டில் வேலை பார்த்தவளுக்கு உறுத்துகிற சங்கதி ஒன்று உண்டு. ஹேஸுக்கு ஜூரி சிபாரிசு செய்தது ஆயுள் தண்டனை. நீதிபதிதான் அதைத் தள்ளிவிட்டு மரண தண்டனை கொடுத்தார். அலபாமா சட்டத்தில் அப்படி ஒரு வழி இருந்தது. 2017-இல்தான் அதை மூடினார்கள். அதற்கு முன்னால் அந்த வழியில் தண்டனை வாங்கியவர்களுக்கு அதனால் பலன் இல்லை.

மதியச் சாப்பாடு மியூசியக் கட்டடத்திலேயே, பேனி-ஜார்ஜஸ் கிச்சனில். கறுப்பினக் குடும்பச் சமையல். வறுத்த கோழி மொறுமொறுவென்று இருந்தது. கீரையை நம் ஊர் மாதிரி மசிக்காமல் இலை இலையாக வேகவைத்திருந்தார்கள், கொஞ்சம் வற்றல் மிளகாய் தாளித்தால் நன்றாக இருக்கும். சோள ரொட்டி இனிப்பாக இருந்தது, எனக்குப் பிடித்தது. அங்கே வைத்துத்தான் சண்டை வந்தது.

"எம்மா, ஹின்டன் நிரபராதி, சரி. ஹேஸ் செஞ்சவன்தானே? அவனுக்கு என்ன பரிதாபம்?" என்றான் மகன்.

"ஜூரி வேண்டாம்னு சொன்னதை ஜட்ஜ் மாத்தலாமா? அதைச் சொல்லுங்க அத்தை," என்றாள் மருமகள்.

நான் மைக்கேலின் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். பியூலா மே டொனால்ட் சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னவர், ஊர் பார்க்கட்டும் என்று. பிறகு கிளான் அமைப்பின் மீதே சிவில் வழக்குப் போட்டார். 1987-இல் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி 70 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. கிளானிடம் அவ்வளவு பணம் ஏது? டஸ்கலூசாவில் இருந்த தலைமை அலுவலகக் கட்டடத்தை அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த விசாரணையில் இன்னொரு குற்றவாளியான நோல்ஸ் அழுது மன்னிப்புக் கேட்டபோது, மன்னித்துவிட்டேன் என்றார். அடுத்த வருஷமே இறந்துபோனார், ஹேஸின் நாற்காலி வரை இருக்கவில்லை.

"அவங்க மன்னிச்சா ஆச்சா? அது அவங்க பெருந்தன்மை," என்றான் மகன். "சாப்பிடு மக்ளே," என்றேன். என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை.

குன்றின் மேல் நினைவிடத்துக்கு மாலையில் போங்கள், மதிய வெயில் ஆகாது. 800-க்கும் மேற்பட்ட துருப்பிடித்த இரும்புத் தூண்கள், ஒரு கவுண்டிக்கு ஒன்று, நம் மாவட்டம் மாதிரி. முதலில் கண்ணுக்கு நேரே நிற்கின்றன. நடக்க நடக்கத் தரை இறங்கி, தூண்கள் தலைக்கு மேல் தொங்குகின்றன. அண்ணாந்து பெயர்களைப் படித்தே கழுத்து வலித்தது. வெள்ளைப் போலீஸ்காரரை 'மிஸ்டர்' போடாமல் கூப்பிட்டதற்காக 1940-இல் லுவெர்னில் கொல்லப்பட்ட ஜெசி தார்ன்டனும் அங்கே உண்டு.

எனக்கு ஒரே குறை. மோபீல் கவுண்டித் தூணில் மைக்கேல் டொனால்ட் பெயர் இருக்காது. அவர்கள் கணக்கு 1877-இல் தொடங்கி 1950-இல் முடிகிறது. மாண்ட்கோமரியிலேயே கறுப்புக் கருங்கல் வட்டத்தில் தண்ணீர் ஓடுகிற இன்னொரு நினைவுச் சின்னம் உண்டு, கறுப்பர்களின் சம உரிமைப் போராட்டக் காலத்தில் உயிர் விட்டவர்களுக்காகக் கட்டடக் கலைஞர் மாயா லின் வடிவமைத்தது. அதில் இருக்கும் பெயர்களும் 1968-ஓடு நிற்கின்றன. பையன் 1981-இல் செத்தான். எங்காவது கோடு போட்டாக வேண்டும் என்பது புரிகிறது. ஆனாலும் தேடினேன்.

எல்லாம் பார்க்க ஒரு நாள் பத்தாது, குறைந்தது ஒன்றரை நாள் வேண்டும். சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போவதாக இருந்தால் ஜாடிகள் வரை போதும்.

திரும்பும்போது அட்மோர் பக்கம் இருட்டிவிட்டது. அந்த நாற்காலி இருந்த ஹோல்மன் ஜெயில் எந்தத் திசை என்று கேட்டேன். மகன் வண்டியை மெதுவாக்கி வலது பக்கம் கை காட்டினான். பைன் மரங்கள்தான் தெரிந்தன. மடியில் மிச்சச் சோள ரொட்டி இன்னும் இளஞ்சூடாக இருந்தது.