கல்முனைக் கடையின் பந்தயப் புறாக் குஞ்சுத் தீன்: தானியம் நல்லது, அட்டவணை பொருந்தாது

கல்முனையில் கோழித் தீனும் மீன் தொட்டிச் சாமான்களும் விற்கும் கடையொன்று, பந்தயப் புறாக்களுக்கென்று தானே கலந்த தீனை மூன்று வகையாகப் பையிலிட்டு விற்று வருகின்றது: குஞ்சுகளுக்கு ஒன்று, சோடி சேர்த்த புறாக்களுக்கு ஒன்று, தூரப் பறப்புக்கு ஒன்று. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஹோமர் எனப்படும், வீடு திரும்பும் பந்தயப் புறா வளர்ப்பவர்களுள் பலர் சோளத்தை ஓரிடத்திலும் பயற்றை இன்னோரிடத்திலும் வாங்கி வீட்டில் கலந்து பழகியவர்கள் என்பதால், இந்தப் பைகள் காசுக்குத் தகுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கல்லடியிலுள்ள என் கூட்டில் இந்தப் பருவத்துக் குஞ்சுகள், தாய் தகப்பனிடமிருந்து பிரித்த நாள் முதல் அக்கரைப்பற்றிலிருந்து வீடு திரும்பும் பயிற்சி வரை, இந்தக் குஞ்சுத் தீனிலேயே வளர்ந்தன. தானியம் வாங்கத் தக்கது. ஆனால் பையோடு வரும் தீன் அட்டவணையின்படி நடந்தால் குஞ்சு கொழுக்கும், பழகாது.

முதலில் தானியம். ஒரு கிலோவைச் சுளகில் பரப்பிப் பிரித்து நிறுத்துப் பார்த்ததில் பாதி சோளமாக இருந்தது. மீதியில் பயறும் இறுங்கும் ஏறத்தாழச் சம அளவு. அவற்றிலும் சற்றுக் குறைவாகக் கௌபி. ஒரு கைப்பிடி குரக்கன். கடைசியில் உமியும் தூசும் 30 கிராம் வரை. சோளத்தில் புரதம் 9 சதவீதம் அளவில்தான் உண்டு. பயற்றிலும் கௌபியிலும் அது 24 சதவீதத்தை எட்டும். இந்தக் கணக்கில் முழுக் கலவையின் புரதம் 13 சதவீதத்துக்கு அண்மையில் வருகின்றது. பறக்கப் பழகும் குஞ்சுக்கு அது போதும். ஆனால் பிரித்தெடுத்த முதல் இரண்டு மூன்று கிழமைகளில், உடலும் இறகும் ஒருசேர வளரும் வேளையில், 15 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஆகவே அந்த நாள்களில் கிலோவுக்குக் கால் கிலோ பயறு கூடுதலாகக் கலந்து கொடுத்தேன். பையில் பச்சைச் சோயா அவரை இல்லாதது குறிப்பிட்டுச் சொல்ல வேண்டிய நற்செய்தி. புரதம் மலிவாகக் கிடைக்கிறதென்று அதைச் சேர்ப்பவர்கள் உண்டு. அவிக்காத சோயாவிலுள்ள ட்ரிப்சின் தடுப்பான் புரதம் செரிப்பதையே தடுக்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

தானியம் உயிருள்ளதா என்பதை முளைக்க வைத்துத்தான் அறிய முடியும். ஈரத் துணியில் முடிந்து வைத்த பயறு மறுநாளே முளைவிட்டது; சோளத்திலும் பெரும்பகுதி நாலாம் நாளுக்குள் வெண்முளை காட்டியது. களஞ்சியத்தில் நெடுநாள் கிடந்து செத்த தானியம் அல்ல என்பதற்கு அது போதுமான சான்று. சோளம் உடைக்கப்படாமல் முழுமணியாக இருப்பதும் சரியே. உடைத்த சோளம் எளிதில் பூஞ்சணம் பிடிக்கும். நம் பக்கத்துச் சோள மணி பெரியது என்பதால் புதிதாகப் பிரித்த குஞ்சு அதை விழுங்கத் தடுமாறும். முதல் கிழமைக்கு மட்டும் கண் பெரிய சல்லடையால் பெருமணிகளை அரித்தெடுத்துப் பெரிய புறாக்களுக்குப் போட்டுவிட்டால் பிரச்சினை தீரும். (இடையில் ஒரு எச்சரிக்கை: விதைப்புக்கென்று நிறமூட்டி விற்கப்படும் சோளத்தை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், புறாவுக்குப் போடவே கூடாது. அந்த நிறத்தோடு பூஞ்சண நாசினியும் பூசப்பட்டிருக்கும்.)

இனி அட்டவணை. பையினுள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாள், குஞ்சு ஒன்றுக்குக் காலை 25 கிராம், மாலை 25 கிராம் என்றும், தீன் எப்போதும் முன்னால் இருக்கட்டும் என்றும் சொல்கின்றது. 400 முதல் 500 கிராம் வரை எடையுள்ள பந்தயப் புறா நாளொன்றுக்கு உண்பது ஏறத்தாழ 30 கிராம். 50 கிராம் போட்டால் ஒரு பங்கு சிந்தி எலிக்குப் போகும். போகாத பங்கு புறாவின் வயிற்றில் கொழுப்பாகும். வீணாகும் தானியத்தைவிடப் பெரிய நட்டம் வேறொன்று உண்டு. பந்தயத்தில் நேரம் கணக்கிடப்படுவது புறா கூரைக்கு மேல் வந்த கணத்தில் அல்ல. அது கூட்டுக்குள் நுழைந்து, காலிலுள்ள வளையம் பதிவான கணத்தில்தான். நிமிடத்துக்கு 1,200 மீற்றர் வேகத்தில் 60 கிலோமீற்றரைக் கடக்கும் புறாவுக்கு 50 நிமிடம் ஆகும். வயிறு நிறைந்த அந்தப் புறா கூரையோட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து இறகு கோதிவிட்டு இறங்கினால், அதன் வேகம் நிமிடத்துக்கு 1,091 மீற்றர் என்றுதான் பதியப்படும். தீன் எப்போதும் முன்னால் இருக்கும் கூட்டில் வளர்ந்த குஞ்சுக்கு உள்ளே இறங்க என்ன அவசரம்?

நான் கைக்கொண்ட ஒழுங்கு பழைய வளர்ப்பாளர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலையில் வெறும் வயிற்றோடு திறந்துவிட்டு, பறந்து முடிந்ததும் ரின்னைக் குலுக்கி அழைத்து, அன்றைய அளவில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே போடுவது. மாலைப் பறப்பின் பின் மிகுதி இரண்டு பங்கையும் போடுவது. கால் மணித்தியாலத்தில் எஞ்சியதை எடுத்துவிடுவது. அளப்பதற்குத் தராசு தேவையில்லை. 425 கிராம் மீன் ரின்னைக் கழுவிக் காயவைத்து, தலைதட்டி அளந்தால் இந்தக் கலவை 300 கிராமுக்குச் சற்று மேலே நிற்கும். அது பத்துக் குஞ்சுகளுக்கு ஒரு நாள் தீன். அளக்கும் ரின்னே அழைக்கும் ரின்னாகவும் ஆகிவிடுகிறது. நாலைந்து நாள்களில் அதன் ஓசை கேட்டதும் குஞ்சுகள் கூரையை விட்டு உள்ளே விழத் தொடங்கிவிடும். அந்தப் பழக்கம் உறுதியான பின்னரே, தூரத்தே கொண்டுபோய்த் திறந்துவிட அவற்றைக் கூடையில் ஏற்ற வேண்டும். தெற்கே கடற்கரை வீதியால் ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று தூரத்தைக் கூட்டிச் சென்ற நாள்களில், முதல் நாள் மாலைத் தீனைச் சற்றுக் குறைத்து, விடிகாலையில் தண்ணீர் மட்டும் கொடுத்து, வெயில் ஏறுமுன் திறந்துவிட்டேன். காலைப் பங்கு வீட்டுக்கு வந்தவற்றுக்குத்தான். தண்ணீரில் மட்டும் எந்த நாளும் கட்டுப்பாடு வைக்கக் கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் ஒரு முறை மாற்றி ஊற்றவும் வேண்டும்.

கலவையின் மீதே எனக்குள்ள ஒரே பெரிய குறை, அதில் புறா கடைசியாக உண்ணும் தானியம் ஒன்று இல்லை என்பது. கௌபியையும் சோளத்தையும் குஞ்சுகள், கறியில் இறைச்சித் துண்டைத் தேடும் பிள்ளைகளைப் போல, முதலில் பொறுக்கி எடுக்கும். ஐரோப்பிய வளர்ப்பாளர்கள் பார்லியைச் சேர்ப்பதற்குச் செரிமானம் மட்டும் காரணமன்று. புறா அதை விருப்பமின்றிக் கடைசியில் தொடுவதால், தட்டில் பார்லி மிஞ்சினால் வயிறு நிறைந்தது என்றும், பார்லியும் தீர்ந்தால் தீன் போதவில்லை என்றும் பார்த்த மாத்திரத்தில் அறியலாம். நம் ஊரில் பார்லி அவித்துக் குடிப்பதற்கென்று சிறு பைக்கற்றில் விற்கப்படும் பொருள், புறாவுக்குக் கட்டுபடியாகாது. அந்த இடத்தில் நெல் நன்றாகவே நிற்கின்றது. பத்துப் பங்குக்கு ஒரு பங்கு சிறுமணி நெல்லைக் கலந்த பிறகு, இரண்டொரு குஞ்சுகள் நெல்லை விட்டுவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்துக்குத் திரும்பும் வேளையே தீனை நிறுத்தும் வேளையாயிற்று. ரின் அளவுகூட அதற்குப் பின் ஒரு தோராயக் கணக்காக மட்டுமே பயன்பட்டது. கடைக்கார நானாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “நெல்லப் போட்டா கலப்படம் எண்டு சொல்லுவாங்க, தம்பி” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வாங்குபவர்கள் பையைத் திறந்ததும் நெல்லைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். ஆகவே இதை வீட்டில் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அளவாகப் போடுவதைப் பட்டினி போடுவதாக எடுத்துக்கொள்பவர்களும் நம்மிடையே உண்டு. வளரும் குஞ்சைக் காயப்போட்டால் பறப்பிறகின் குறுக்கே மெல்லிய கோடு விழும்; அந்த இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் வரை அது நலிந்த இறகுதான். குஞ்சைக் கையிலெடுத்து மார்பெலும்பைத் தடவிப் பார்க்க வேண்டும்: எலும்பு கத்தி விளிம்பாகத் தட்டுப்பட்டால் தீனைக் கூட்டுவதும், இருபுறச் சதையில் புதைந்திருந்தால் குறைப்பதும் முறை. எச்சம் உருண்டு இறுகி, மேலே வெண்மை படர்ந்து, கூட்டின் தரையில் மெல்லிய தூவிகள் கிடந்தால் குஞ்சு நலமாக இருக்கிறது. நம் பகுதிக்கென்றே இன்னோர் ஆபத்தும் உண்டு. அறுவடைக் காலத்தில், பசியோடு பறக்கும் குஞ்சுகள் வயலில் இறங்கச் சில நாள்களே போதும். இறங்கப் பழகிவிட்டால் மருந்தடித்த வயலா அடிக்காத வயலா என்று அவற்றுக்குத் தெரியாது. வயலோரத்தில் கூடு வைத்திருப்பவர்கள் அந்த நாள்களில் காலைப் பங்கைச் சற்றுக் கூட்டிப் போடுவதே புத்தி.

கடை தனியாக விற்கும் மட்டி ஓட்டுக் கலவை பரவாயில்லை ரகம். நொறுக்கிய மட்டி ஓடும் செங்கல் துணிக்கையும் கரியும் இருக்கின்றன. ஆனால் தூள் அதிகம், அரித்துவிட்டே வைக்க வேண்டும். பல்லில்லாத பறவைக்கு இரைப்பையில் தானியத்தை அரைக்கக் கல் வேண்டும்; தூளால் அந்த வேலை நடக்காது. தூரப் பறப்புக் கலவையில் கச்சான் பருப்புத் தாராளமாக இருக்கிறது. நெடுந்தூரத்துக்குக் கொழுப்பே எரிபொருள் என்பதால் பெரிய புறாக்களுக்கு அது பொருந்தும். அக்கரைப்பற்று வரை மட்டும் போகும் குஞ்சுகளுக்கு, திரும்பி வந்தபின் கையால் நாலு பருப்புக் கொடுப்பதற்கு மேல் அது தேவையில்லை.

தனித்தனியே வாங்கிக் கலப்பதைவிட விலை சற்று அதிகம்தான், ஆயினும் அலைச்சல் மிச்சம். சொல்லிவிட்டால் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறார்கள். வண்டு விழுந்திருந்த ஒரு பையை எந்தக் கேள்வியும் கேட்காமல் மாற்றியும் தந்தார்கள். மாரிக் காலத்தில், ஐப்பசி முதல் தை வரை, பெரிய பை வாங்குவதைத் தவிர்த்துச் சிறு பையாக வாங்கி, மூடியுள்ள ரின் வாளியில், சீமெந்துத் தரையில் படாமல் பலகை மேல் வைப்பது நல்லது. பூஞ்சணம் பிடித்த சோளத்தை வெயிலில் காயவைத்துப் போடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பூஞ்சணம் உதிர்ந்துவிடலாம், அது விட்டுச்சென்ற அஃப்ளாடொக்சின் நஞ்சு வெயிலுக்குப் போய்விடாது. பெரும்போகச் சோளம் மாசி, பங்குனியில் சந்தைக்கு வந்ததும் அந்தப் புதுச் சோளம் சரியாகக் காயாமலே பைக்குள் போய்விடக்கூடும். அந்த மாதங்களில் வாங்குபவர்கள் ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து, கடுக்கென்று உடைந்தால் மட்டும் பணத்தைக் கொடுக்கவும்.