4,200 ரூபாய்க்கு கேஸ், பழுது தெர்மோஸ்டாட்ல: காரைக்குடிப் பக்கம் உஷார்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் வீட்டுக்கே மெக்கானிக் அனுப்புற ஆப்ல ஃப்ரிட்ஜ் சர்வீஸ் புக் பண்றவங்க இதைப் படிச்சுட்டுப் பண்ணுங்க. நம்ம ஃப்ரிட்ஜ் டபுள் டோர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ (ஐஸைத் தானே உருக்கிக்கிற வகை). ஃப்ரீஸர் ஓரளவு ஜில்லுன்னு இருக்கு, கீழே பால் திரியுது. வந்தவர் கையை உள்ளே விட்டுப் பார்த்துட்டு "கேஸ் போயிருச்சுண்ணே"ன்னாரு. 4,200 ரூபாய்! ஃப்ரீஸர் பின்தட்டைக் கழட்டவே இல்ல.

கழட்டியிருந்தா ஒரே பார்வைல தெரிஞ்சிருக்கும். உள்ளே குளிர் தர்ற வளைஞ்ச பைப், அதாவது காயில், முழுக்க ஐஸ் மூடியிருந்தா கேஸ் இருக்கு, ஐஸை உருக்குற டிஃப்ராஸ்ட்தான் ஓடல. கேஸ் குறைஞ்சா காயில் ஆரம்பத்துல மட்டும் ஐஸ் பிடிக்கும், மிச்சம் காலியா இருக்கும்.

நம்ப வச்ச இடம் இதுதான். "ராத்திரி பூரா ஆஃப் பண்ணி கதவைத் திறந்து போடுங்க, காலைல வந்து ஏத்துறேன்"னாரு. ஏத்தினதும் ஜோரா கூலிங். ஆகாம என்ன செய்யும்? ராத்திரியில ஐஸ் உருகி காத்து போற வழி திறந்துருச்சு. அதுக்குள்ள ஆப்ல அஞ்சு ஸ்டார் வாங்கிட்டாரு. சில நாள்ல மறுபடி ஐஸ் அடைச்சுது.

போன் பண்ணா "டிக்கெட் போட்டாச்சு சார்". அடுத்து "கேஸுக்கு வாரண்டி கிடையாது". அப்புறம் "இது வேற கம்ப்ளைன்ட், புது விசிட் சார்ஜ்". 4,200 போனது போனதுதான்.

கெட்டது காயில் பைப்புல கிளிப் போட்டு மாட்டியிருக்கிற பைமெட்டல் தெர்மோஸ்டாட். விலை சில நூறு ரூபாய். குளிர்ந்தா ஒட்டி ஹீட்டருக்கு கரண்ட் விடணும், ஐஸ் உருகி சூடேறினா பிரியணும். அதனால வெளிய எடுத்து மேஜைல வச்சு, கரண்ட் வழி இருந்தா பீப் அடிக்கிற மீட்டர் போட்டு "பீப் வரல, போச்சு"ன்னு சொன்னா நம்பாதீங்க. குளிர் இல்லாத இடத்துல நல்லதும் அப்படித்தான் காட்டும். நல்லா ஓடுற வேற ஃப்ரீஸர்ல ஒரு மணி நேரம் வச்சு, எடுத்த உடனே பாக்கணும். அப்பவும் பீப் வரலன்னாதான் போச்சு. கூட இருக்கிற, சூடு மீறினா கரண்டை வெட்டுற பியூஸ் எப்பவுமே பீப் தரணும், ஹீட்டர் சில நூறு ஓம் காட்டணும். புதுசை அதே பைப்புல, அதே இடத்துல இறுக்கமா மாட்டணும். லூசா இருந்தா திரும்ப இதே கதைதான்.

விவரமா எழுத நினைச்சேன், ஆத்திரத்துல வரல. பின்தட்டைக் கழட்டாம கேஸ்னா ஒத்துக்காதீங்க. பைப்புல இருக்கிற காத்தை உறிஞ்சுற வேக்குவம் பம்பும், கேஸை நிறுக்க கிராம் தராசும் இல்லாம கேஸ் ஏத்த விடாதீங்க. பியூஸை விட்டுட்டு வயரை நேரா இணைச்சு டைரக்ட் பண்ண விடவே விடாதீங்க, ஹீட்டர் நிக்காம எரிஞ்சா உள்ள பிளாஸ்டிக் உருகும்.